ஒரு நாழிகை வித்தியாசம்

வெளியூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வருகிற நம்மவர்கள் டச்சு அரண்மனையைப் பார்க்கிறார்கள். யூதத் தெருவுக்குப் போய், பரதேசி யூதப் பள்ளியில் பதித்திருக்கும் சீனத்து நீலக் கற்களைப் பார்க்கிறார்கள். மிளகும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு படகேறி விடுகிறார்கள். பள்ளியை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் குறைவு. டச்சுக் கம்பெனியின் பெரிய வணிகராக இருந்த எசக்கியேல் ரஹபி என்ற யூதர் 1760 வாக்கில் கட்டுவித்தது அது. அதன் விசேஷம் எண்களில் இருக்கிறது. ராஜாவின் அரண்மனையைப் பார்த்த முகத்தில் மலையாள எண்கள். மற்ற முகங்களில் ரோமன் எண்கள், ஹீப்ரு எண்கள். அவரவர் தமக்குத் தெரிந்த எழுத்தில் மணி பார்த்துக்கொள்ளலாம். பல காலம் ஓடாமல் நின்றிருந்த இதை இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் பழுது பார்த்துச் சீர்படுத்தினார்கள்.

எழுத்து வேறானாலும் முள் காட்டும் மணி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்தத் தெருவில் யாருடைய நாளும் அந்த முள்ளைப் பார்த்துத் தொடங்கவில்லை. யூதர்களுக்குச் சூரியன் அஸ்தமித்தால் அடுத்த நாள். அவர்களுடைய சனிக்கிழமை விரதம் வெள்ளி அஸ்தமனத்தில் ஆரம்பம். கொச்சங்காடி, செம்பிட்டபள்ளிப் பக்கத்து முஸ்லிம்களுக்கு ஐந்து வேளைத் தொழுகையும் சூரியன் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. செர்லாயில் கொங்கணிகளுக்கும், பாலக்காட்டிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இங்கே வந்து குடியேறிய நமக்கும் நாள் என்பது உதயம் முதல் உதயம் வரை. கடிகாரம் வணிகத்துக்கு வந்தது. வீட்டுக்குள் அது வருவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

அதுவரை நமக்கு இருந்த கணக்கு நாழிகைக் கணக்கு. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை. இன்றைய அளவில் ஒரு நாழிகை 24 நிமிஷம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், ஏழரை நாழிகை ஒரு ஜாமம். அரண்மனைகளிலும் பெரிய கோயில்களிலும் நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சிறு துவாரமிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். துவாரம் வழியாக நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை. வீடுகளில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படவில்லை. எர்ணாகுளத்தப்பன் கோயிலில் சங்கு ஊதினால், சீவேலிக்குச் செண்டை கொட்டினால், ஊருக்கு அதுவே மணி.

எங்கள் பாட்டிக்குக் கண்ணாடி ஓடு. மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டின் கூடத்தில், வெளிச்சத்துக்காக ஒரே ஒரு கண்ணாடி ஓடு வைத்திருந்தார்கள். அதன் வழியே விழும் வெயில் வட்டம் காலையில் மேற்குச் சுவரில் இருக்கும். மெல்ல இறங்கித் தரைக்கு வந்து, கிழக்கே நகர்ந்து, சாயங்காலம் உக்கிராண அறைக் கதவில் ஏறும். "வெயில் அம்மி கிட்ட வந்துடுத்து, இலை போடு" என்பாள். அவளுக்கு அது பரம்பரை வழக்கம் மாதிரி. ஆனால் அந்த ஓடே புதுச் சரக்குதான். பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபிறகே இந்தக் கரையெங்கும் அந்த மாதிரி ஓடுகள் பரவின. பழைய வழக்கம் என்று நாம் நினைக்கிறதில் பாதி நம் கொள்ளுத்தாத்தா காலத்து நவநாகரிகம்.

கடிகாரத்தை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது ரயில். கொச்சி ராஜா ராமவர்மா திருப்பூணித்துறைப் பூர்ணத்ரயீசன் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் என்று இன்றும் இங்கே சொல்வார்கள். அந்த முயற்சியில் ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902 ஜூலையில் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ரயில் கொச்சி நேரத்தில் ஓடவில்லை. அக்காலத்தில் இந்திய ரயில்களுக்கெல்லாம் மதராஸ் நேரம், அதாவது நுங்கம்பாக்கம் வானிலைக் கூடத்தின் நேரம். சூரியன் மதராஸுக்கு மேலே வந்து 16 நிமிஷம் கழித்துத்தான் கொச்சிக்கு மேலே வருகிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம். இரண்டு ஊருக்கும் நடுவே 4 பாகை. ஆக, ஊர்க்கணக்கில் சரியாகப் போனவன் ரயிலின் புகையைத்தான் பார்த்திருப்பான். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒன்றை வைத்தார்கள். அது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம். எர்ணாகுளம் 76¼ பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 25 நிமிஷம். கிட்டத்தட்ட ஒரு நாழிகை! அன்றிலிருந்து இன்றுவரை நம் ஊரில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது உச்சி வேளைக்கு இன்னும் ஒரு நாழிகை பாக்கி இருக்கிறது.

இந்த ஒரு நாழிகையால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். ரயிலைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது பத்து மணிக் கச்சேரி. கோயில் மடைப்பள்ளிக்கும் ஊட்டுப்புரைக்கும் வந்த குடும்பங்களில் அடுத்த தலைமுறை பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஹஜூர் கச்சேரி, கப்பல் கம்பெனி என்று குமாஸ்தா வேலைக்குப் போயிற்று. என் அப்பா மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஒன்பது மணிப் படகில் போக வேண்டும். உச்சி வேளையில் மாத்யாஹ்னிகம் செய்து, பிறகு சாப்பிட வேண்டியவர் எட்டரைக்கே இரண்டையும் முடித்துவிடுவார். குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டைக் காலை எட்டரை மணிக்குச் சாப்பிடுகிற விசித்திரம் இப்படித்தான் நம்மிடம் வந்தது. அவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டவனுக்கு மூன்று மணிக்குப் பசிக்கும். அதற்காகப் பிற்பகல் டிபனும் காப்பியும். தமிழ் பிராமணர்களின் அடையாளம் என்று இன்று எல்லாரும் சொல்கிற அந்த டிபன், ஆபீஸ் மணி போட்ட குட்டி.

எட்டரைக்கு இலை போட வேண்டுமானால் அம்மா நாலு மணிக்கு எழுந்து, ஸ்நானம் செய்து, மடியுடுத்தி, விறகடுப்பு மூட்ட வேண்டும். ஆபீஸ் போகாத தாத்தாவும் பாட்டியும் பழைய வழக்கப்படி வெயில் வட்டம் அம்மியண்டை வந்த பிறகே சாப்பிடுவார்கள். அவர்களுக்கு மறுபடி சூடாக ஒரு சமையல். தானோ, அவர்கள் சாப்பிட்ட பிறகு. கடிகாரம் ஆண்களின் நேரத்தைத்தான் மாற்றியது. பெண்களுக்குப் பழைய நேரம் போகவில்லை. அதன்மேல் புதியதும் ஏறிக்கொண்டது. இந்த விஷயத்தை நம் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் அநேகமாக ஆண்களாக இருப்பதால்தானோ என்னவோ, கூட்டுக்குடும்பத்தின் பெருமைகளில் இது சேர்வதில்லை.

ச்ராத்தத்தைப் பாருங்கள். பகலை ஐந்து பாகமாக்கினால் நாலாவது பாகமான அபராஹ்ணத்தில் செய்ய வேண்டியது. கொச்சியில் கடிகாரப்படி ஒன்றரை மணியை ஒட்டித்தான் அது தொடங்கும். இன்று எத்தனை வீடுகளில் அப்படி நடக்கிறது? ஒன்பதுக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடித்து, வாத்யார் அடுத்த வீட்டுக்குப் போகிறார். பிள்ளை மத்தியானம் ஆபீஸ் போகிறான். சாஸ்திரப்படி இது குறைதான். ஆனால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மூன்று மணிவரை அடுப்படியில் நின்ற நம் அம்மாக்களை நினைத்தால், நான் இந்தக் குறையைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். நாலு நாள் கல்யாணம் ஒரு நாளாகச் சுருங்கியதையும் அப்படியே. லீவும் ரயில் டிக்கெட்டும் செய்த காரியம் அது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதனால் பிழைப்பு.

கடிகாரத்துக்கு எதிராக நான் வாதாடவில்லை. ஆடி மாதத்தில் கொச்சியில் பத்து நாள் சேர்ந்தாற்போல் சூரியன் முகம் காட்டாது. அப்போது பாட்டியும் தாத்தாவின் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்ப்பாள். ஞாயிறுதோறும் எண்ணெய்க் குளிக்கு முன் அதற்குச் சாவி கொடுப்பது தாத்தாவின் நித்திய கர்மங்களில் ஒன்று.

1942-ல் வந்த சங்கடம் வேறு. யுத்தத்தை முன்னிட்டு அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் இந்தியாவின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். 1945 அக்டோபர் 15 வரை அப்படியே இருந்தது. கப்பலும் கடற்படையுமாகத் துறைமுகம் இரவு பகலாக இயங்கிய காலம். ஏற்கெனவே இருந்த 25 நிமிஷத்தோடு இதையும் சேர்த்தால், கொச்சியில் கடிகாரம் சூரியனைவிட 85 நிமிஷம், அதாவது மூன்றரை நாழிகை முன்னால் ஓடியது. ஒன்பது மணிப் படகு என்றால் உண்மையில் ஏழரை மணி வெயில். அப்பா கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். பாட்டி, "கவர்மெண்ட் சொன்னா சூரியன் கேக்குமோ?" என்று அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஆக வீட்டில் "கவர்மெண்ட் மணி", "நம்மாத்து மணி" என்று இரண்டு. அம்மா அந்த மூன்று வருஷமும் மூன்று மணிக்கு எழுந்தாள் என்று சொல்வாள். எந்த மணியில் மூன்று என்று கேட்டால் சிரிப்பாள்.

அந்த மூன்று வருஷத்தில், 1943-ல், என் அக்கா பிறந்தாள். காலை 8.10 என்று அப்பா டயரியில் குறித்திருந்தார். ஜோஸ்யர் ஒருவர் ஜாதகம் கணித்தார். கவனமான மனிதர். கொச்சிக்கு உரிய 25 நிமிஷத்தை ஒழுங்காகக் கழித்திருந்தார். யுத்த கால ஒரு மணியைக் கழிக்கவில்லை. லக்னம் ஒரு ராசி தள்ளிப் போயிற்று. ஒன்பதாமிடத்தில் இருக்க வேண்டிய செவ்வாய் எட்டாமிடத்துக்கு வந்துவிட்டது. பெண் ஜாதகத்தில் எட்டில் செவ்வாய் என்றால் என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா பி.ஏ. முடித்தாள், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தாள், பாட்டு முடித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், ஜாதகத்தைக் கொண்டுபோனார்கள், கடிதாசு போட்டார்கள். இப்படி ஒன்பது வருஷம்.

1971-ல் திருப்பூணித்துறையிலிருந்து ஒரு பெரியவர் வேறு காரியமாக எங்காத்துக்கு வந்தார். ஜாதகத்தின் தலைப்பைப் பார்த்ததுமே, "43-ஆ? எந்த மணி இது?" என்று கேட்டார். அப்பாவுக்குத் தெரியவில்லை. அம்மாதான் சொன்னாள்: "குழந்தை பொறக்கறச்சே பால்காரன் அப்போதான் வந்திருந்தான்." பால்காரன் சூரியனைப் பார்த்து வருகிறவன், எட்டே காலுக்கு வருகிறவன் அல்ல. பெரியவர் அங்கேயே உட்கார்ந்து மறுபடி கணித்தார். அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்போது அவளுக்கு 29. ஜாதகத்தில் நம்பிக்கை வைப்பது அவரவர் இஷ்டம். வைக்கிறவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும் என்பதை மட்டும் நான் வற்புறுத்துவேன். அதில் தவறினால் ஒரு பெண்ணுக்கு ஒன்பது வருஷம் போகிறது.

யுத்தத்துக்குப் பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்ததும் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் போடுவது சடங்குபோல ஆகிவிட்டது. (களமசேரியிலும் எச்.எம்.டி. இருந்ததால் கடிகாரம் அங்கேதான் தயாராகிறது என்று எங்கள் தெருவில் பலர் நினைத்திருந்தார்கள். அங்கே செய்தது பெரிய இயந்திரங்கள்.) அந்தக் கடிகாரக் கம்பெனியை 2016-ல் மூடிவிட முடிவு செய்தார்கள். ரேடியோவில் செய்திக்கு முன் வரும் "பீப்" சத்தத்துக்குக் கடிகாரத்தைச் சரி செய்வது ஒரு காலம். கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பு 1996 செப்டம்பர் 17-ல் இதே எர்ணாகுளத்திலிருந்து போயிற்று; பேசியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. இன்று கடிகாரம் வாங்குகிறவன் அழகுக்கு வாங்குகிறான்.

செல்போன் மாற்றியது மரியாதையை. "வெயில் தாழ வரேன்" என்று சொல்லிவிட்டு மூன்றுக்கும் ஆறுக்கும் இடையே எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பது அந்த நாள் நாகரிகம். சொல்லாமலே வந்து இலையில் உட்கார்ந்தால் அது உரிமை. இப்போது வாசலில் நின்றுகொண்டு "வரலாமா?" என்று போன் செய்கிறோம். செய்யாவிட்டால் தப்பு. எனக்கு இதில் வருத்தம் இல்லை. திடீர் விருந்தாளிக்கு மறுபடி அரிசி களைந்தவள் யார் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

வருத்தம் வேறு இடத்தில். ராகுகாலம் திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்று எல்லா நாள்காட்டியிலும் அச்சிட்டிருக்கிறது. சூரியன் சரியாக ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு அஸ்தமிக்கிற நாளுக்குத்தான் அது பொருந்தும். பகல் முழுவதையும் எட்டாகப் பிரித்து, திங்களன்று இரண்டாவது பாகம் என்பதே கணக்கு. ஜனவரிக் கடைசியில் கொச்சியில் உதயம் சுமார் 6.45, அஸ்தமனம் சுமார் 6.28. ஒரு பாகம் 88 நிமிஷம். திங்களன்று ராகுகாலம் 8.13 முதல் 9.41 வரை. நாள்காட்டியை நம்பி 9.05-க்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் நடு ராகுவில் கிளம்புகிறார்! ஜூன் மாதம் கல்கத்தாவில் உதயம் 4.52, அஸ்தமனம் 6.22. அங்கே அது 6.33-லிருந்து 8.15-க்குள் முடிந்துவிடுகிறது. மட்டாஞ்சேரி மசூதிகளில் தொழுகை நேரத்தைக் காட்டும் மின்பலகைகள் இருக்கின்றன. உள்ளூர்ச் சூரியனைப் பின்பற்றி அந்த நேரங்கள் சிறிது சிறிதாக மாறும். நாமோ ராகுகாலத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டோம். கடைப்பிடிக்கிற அன்பர்கள் தங்கள் ஊர் உதயத்தைப் பார்த்து எட்டால் வகுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தர்ப்பணத்துக்கும் திதிக்கும் சென்னை நேரத்தைக் கேட்டுப் போன் செய்கிறார்கள். கர்மா செய்கிறவன் நிற்கிற இடத்துச் சூரியனே அவனுக்குக் கணக்கு. திரையில் தெரிகிற வாத்யார் நிற்கிற இடத்துச் சூரியன் அல்ல.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று. 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் இடையே பிறந்த நம் பெரியவர்களுக்கு 2023 முதல் வரிசையாகச் சதாபிஷேகம் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்து ஜாதகத்தில் ஒரு மணியைக் கழித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுவது நல்லது. நட்சத்திரம் மாறுகிற வேளையில் பிறந்திருந்தால் ஜன்ம நட்சத்திரமே வேறாகலாம். செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே உலகத்து ஊர்களின் நேர மாற்றங்களையெல்லாம் தொகுத்த பட்டியல் ஒன்று இருக்கிறது; ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980-களில் ஆரம்பித்தது. இந்தியாவின் அந்த யுத்த கால மணியும் அதில் பதிவாகியிருக்கிறது. அதைப் பயன்படுத்தும் ஜாதக மென்பொருள் தானே கழித்துக்கொள்ளும். நேர வித்தியாசத்தை நம்மையே நிரப்பச் சொல்லும் மென்பொருளில் வழக்கம்போல் ஐந்தரை என்று போடாமல் ஆறரை என்று போட வேண்டும்.

அத்திம்பேர் பிறந்தது 1942 டிசம்பர். சதாபிஷேகத்துக்கு மும்பையில் எல்லாம் ஏற்பாடான பிறகு அக்காதான் கேட்டாள், "உங்க ஜாதகத்துல கழிச்சிருக்காளா?" என்று. கழிக்கவில்லை. ரோகிணி என்று எண்பது வருஷம் சங்கல்பம் செய்துகொண்டிருந்தவருக்குக் கிருத்திகை என்று ஆயிற்று. மண்டபத்தில் தேதியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் கிருத்திகையில் ஹோமமும் அபிஷேகமும் ஆத்திலேயே நடந்தன. மறுநாள் ரோகிணியில் மண்டபத்தில் சாப்பாடு.